தொண்ணூறு நாள் மாப்பிள்ளை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தொண்ணூறு. முகத்துக்கு நேரே தொண்ணூறு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் தொண்ணூறு. மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கிற கம்பெனி அது. அங்கே இருக்கிற பதினெட்டு கம்ப்யூட்டருக்கும் அவர்தான் டாக்டர், அவர்தான் காவல்காரர். வீட்டிலோ மாப்பிள்ளை. மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? "ஒரு ஆறு மாசம் இருந்துட்டு வீடு பாத்துக்கறோம் மாமா" என்று பெட்டியோடு வந்தவர். ஒன்பது வருஷம் ஆகிறது. வாடகை கேட்காத வீட்டை விட்டுப் போக மனுஷனுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, முகம் சிவந்துவிடும். "கஞ்சன் செலவு பண்ணப் பயப்படுவான். நான் விவரம் தெரிஞ்சவன்" என்பார். விவரம் எப்படிப்பட்டது என்றால், முதல் வாரம் இலவசம் என்று போர்டு வைத்திருந்த ஒன்பது உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் வாரத்துக்கு ஒன்றாகப் போய்வந்தார். பத்தாவது கூடம் ஊரில் இல்லை. தொப்பை போன மாதிரியே திரும்பி வந்துவிட்டது. சினிமா பார்க்கிற ஆப், பேப்பர் படிக்கிற ஆப், எதற்கும் அவர் காசு கட்டினதில்லை. முதல் மாதம் ஓசி முடியும் முன்பே அடுத்தவர் பெயரில் புகுந்துவிடுவார்.

இந்த விவரத்துக்கெல்லாம் சிகரம் கிளவுட். கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம், ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எங்கேயோ பெரிய பெரிய கொட்டகைகளில் ஒருத்தன் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கிறான். நம் ஃபைலை அங்கே வைக்கலாம், அவன் மெஷினில் நம் வேலையை ஓட்டலாம், அதற்கு வாடகை. ஆள் பிடிப்பதற்காக, புதிதாகச் சேருகிறவனுக்குக் கொஞ்சம் கிரெடிட்டைச் சும்மா கொடுப்பான்; தொண்ணூறு நாளைக்குள் அதை வைத்து இஷ்டத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம். நாள் முடிந்தாலும் சரி, கிரெடிட் முடிந்தாலும் சரி, எது முதலில் வருகிறதோ அன்றைக்குக் கதவை இழுத்துச் சாத்துவான். சாத்திவிட்டு முப்பது நாள் பொறுப்பான். அதற்குள் காசு கட்டுகிறேன் என்று கார்டைக் கொடுத்தால் திறப்பான். கொடுக்காவிட்டால் உள்ளே இருப்பதைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் இந்த ஓசி. அது சாதாரண ஆட்களுக்கு. நம்மவருக்குச் சொந்தபந்தம் எதற்கு இருக்கிறது? முதலில் தன் பெயர், பிறகு மனைவி பெயர், பிறகு மாமியார், பிறகு அண்ணன், பிறகு அண்ணி; இப்படிக் கொட்டகை போட்டிருக்கிற ஐந்து கம்பெனியிலும் ஆளுக்கொரு சுற்று. எண்பத்தெட்டாம் நாள் காலையில் உட்கார்ந்தாரென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அடுத்த கணக்குக்குக் குடிமாற்றிவிடுவார். எண்பத்தாறாம் நாளும் இல்லை, தொண்ணூறாம் நாளும் இல்லை, எண்பத்தெட்டு. முன்னால் போனால் ரெண்டு நாள் வீணாகுமாம், பின்னால் போனால் ஆபத்தாம். பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு காலண்டர், அதில் ஆளுக்கொரு கலர் பேனாவில் வட்டம்.

"அண்ணி, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று போன் போட்டால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்பாள்: "என்ன தம்பி, மறுபடியும் வீடு மாத்துறீங்களா? இந்தத் தடவை பால் காய்ச்சறதுக்காவது கூப்பிடுங்க."

முதலாளிக்கோ தொண்ணூறு என்றால் உயிர். கம்பெனி வெப்சைட்டே அப்படித்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாடோடியாகக் கிளம்பிப் போகும். "ஆறு வருஷம், ஒரு பைசா கட்டலை!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து, ஏதோ பாராட்டு விழாவில் நிற்கிற மாதிரி நிற்பார்.

இப்போது மாமனார் கதைக்கு வருவோம். பெரியவர் மொத்தக் காய்கறி மண்டியில் நாற்பத்தோரு வருஷம் ஏலம் விட்டவர். மைக் கிடையாது, மணி கிடையாது, தொண்டைதான். வெங்காய மூட்டைகள் மேல் ஏறி நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் லாரி டிரைவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவார்களாம். வீட்டிலும் அதே குரல்தான். "உப்பு எங்க?" என்று அவர் கேட்டால் எதிர் வீட்டுக்காரி உப்பு ஜாடியைத் தேடுவாள். முப்பத்தெட்டு வயசு மகளை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். தெருமுனையில் ஆட்டோவில் இறங்கும்போதே அவளுக்கு அது கேட்கும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், பேச்சு போய்விடும், ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "சரி, இனிமே உங்க அம்மா நிம்மதியா இருப்பா" என்று மகளிடம் சொன்னார். சொல்லிவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சரம்மா இருந்தாள். அவள்தான் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போதே அப்பாவின் குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். புண் ஆற மூன்று நாலு மாதம் ஆகும். ஆறினதும் சின்னதாக ஒரு மெஷின் தருவோம். அவர் எழுத்தைத் தட்டினால் மெஷின் அவர் குரலிலேயே பேசும். ஆனால் அதற்கு இந்தப் பதிவு வேண்டும். "ஒரு இடத்துல மட்டும் வச்சுக்காதீங்கம்மா, ரெண்டு இடத்துல வைங்க" என்று விரலை மடக்கிச் சொன்னாள்.

மகள் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்க்கிறவள். சம்பளமில்லாத லீவு போட்டாள். பின்கட்டு அறையின் ஜன்னலில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு டப்பா மேல் நிறுத்தி, இருபத்தைந்து நாள் அப்பாவும் பெண்ணும் வேர்வையில் உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா கொடுத்த தாளில் 'இன்று வானிலை தெளிவாக உள்ளது', 'தயவுசெய்து கதவைத் திறக்கவும்' என்றெல்லாம் இருந்தது. பெரியவர் ரெண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் தாளை வீசிவிட்டார்.

"யாரு பாப்பா இப்படிப் பேசுவா? தயவுசெய்துன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?"

"சரிப்பா, நீங்க பேசுற மாதிரியே பேசுங்க."

அப்புறம் வந்தது பாருங்கள் வெள்ளம். "எவன்டா அது, மூட்டை மேல உக்காந்திருக்கிறவன்? உங்க அப்பன் வீட்டு சோபாவா?" "அழுகினதை அடியில போட்டுட்டு மேல நல்லதை அடுக்குறியா, யாருகிட்ட?" "பாப்பா, சாப்பிட்டியா?" "இந்தக் காபியை ஆறவச்சுக் குடுத்தது யாரு?" அவளுக்குக் காதில் ஹெட்போன், ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு தடவை கேட்டு, பிசிறு இருந்தால் மறுபடி சொல்லச் சொல்வாள். மொத்தம் ஆயிரத்து அறுநூறு வாக்கியம். அதில் முந்நூறு அசல் மண்டித் திட்டு. கடைசி ரெண்டு நாள் குரல் கம்மிப்போய், வார்த்தை வார்த்தையாகக் காறிக்காறிப் பேசினார். கடைசி வாக்கியத்தைப் பேசி முடித்ததும் மகள் கம்பளியைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி நின்று அழுதாள்.

போன் நிரம்பி வழிந்தது. "என்னங்க, ஒரு டிஸ்க் வாங்கிட்டு வாங்க, இதையெல்லாம் அதுல போட்டுடலாம்" என்றாள் புருஷனிடம்.

"டிஸ்க்கா? என்னத்துக்கு? நான் ஒருத்தன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்ல?"

"ரெண்டு இடத்துல வைக்கச் சொன்னாங்க."

"ரெண்டு இடமா! கிளவுட்காரன் ஒரு ஃபைலை மூணு இடத்துல வைக்கிறான். இடி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

உண்மைதான், மூன்று இடத்தில் வைக்கிறான். மூன்றுக்கும் கதவு ஒன்றே ஒன்று என்பதை மாப்பிள்ளை சொல்லவில்லை. அண்ணி கணக்கில் நாள் குறைவு, மற்றவர்கள் கதை எல்லாம் முடிந்தது. இன்னும் தீட்டுப்படாத பெயர் குடும்பத்தில் பெரியவருடையது மட்டும்தான். கணக்குத் திறக்க, ஆள் யாரென்று சரிபார்ப்பதற்கு மட்டும் கார்டு கேட்பான்; ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரியவரே அதை எடுத்துக் கொடுத்தார். போனுக்கு வந்த ஓடிபியை, கம்மின குரலிலும் விடாமல், "நாலூ! ஏழூ! ஒண்ணூ!" என்று ஏலம் விட்டார். எல்லாம் ஏறி முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு நல்ல காரியமும் பண்ணினார். மனைவியின் போன் இடமில்லை இடமில்லை என்று முனகிக்கொண்டிருந்ததல்லவா, அதிலிருந்த பதிவுகளைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். "இப்ப பாரு, போன் பறக்கும்" என்றார். பாழாய்ப்போன போன், பறக்கத்தான் செய்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பெரியவர் கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, மார்க்கர் பேனா. முதல் வாரம் பலகையில் எழுதினதெல்லாம் 'தண்ணி', 'வலி', 'டிவி'. அப்புறம் தினம் ஒரு தடவை 'மெஷின் எப்போ?' என்று எழுதுவார். மகள் நாளைச் சொல்லுவாள். அவர் தலையாட்டுவார். மண்டி நண்பர்கள் பார்க்க வந்தால் உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வார். மெஷின் வரட்டும், வந்ததும் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்து நாலு திட்டு திட்டப்போகிறேன் என்று எழுதிக் காட்டினார்.

இங்கே மாடியில் மாப்பிள்ளைக்கு வேறு கவலை. எண்பது நாள் ஓடிவிட்டது. ஆயிரத்து அறுநூறு துண்டுச் சத்தத்தை வைத்திருக்க எவ்வளவு கிரெடிட் ஆகும்? ஒன்றுமே ஆகவில்லை. கொடுத்தது கொடுத்தபடி அப்படியே கிடந்தது. எண்பத்தெட்டாம் நாள் அண்ணியின் தம்பி பெயருக்குக் குடிமாற்றுவது முடிவாகிவிட்டது. அந்தப் பையனிடம் கார்டும் கேட்டாயிற்று. ஆனால் இந்தக் கிரெடிட்? உபயோகிக்காமல் போகப்போகிறதே! நீங்களும் நானும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவோம். அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அவ்வளவும் வேஸ்ட்டு, அவ்வளவும் வேஸ்ட்டு" என்று மாடிப்படியில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். தன் காசு தொலைந்திருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

எண்பத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், யோசனை உதித்தது. கல்யாண வீடியோ! ஒன்பது வருஷத்துக்கு முந்தினது, மூன்று மணி நேரம், எல்லாம் மங்கல், பாதி இடத்தில் மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். மங்கின படத்தைத் துல்லியமாக்குகிற புரோகிராம் ஒன்று உண்டு, அதற்குப் பெரிய மெஷின் வேண்டும். எட்டுப் பெரிய மெஷின்களை வாடகைக்கு எடுத்தால் புதன்கிழமைக்குள் கிரெடிட் சொட்டு மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும், அதற்குள் குரலை இடம் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பட்டனை அழுத்தினார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். சுற்றியது. பொறுமை இல்லாமல் இன்னும் ரெண்டு தடவை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். லிஃப்ட் பட்டனையும் இப்படித்தான் அழுத்துவார்.

ஒவ்வொரு அழுத்துக்கும் எட்டு மெஷின். முப்பத்திரண்டு மெஷின் உட்கார்ந்து ஒரே கல்யாணத்தை நான்கு தடவை துலக்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கத் திறந்தார். மேலே சிவப்புப் பட்டை. கிரெடிட் தீர்ந்துவிட்டது, உங்கள் இலவசக் காலம் முடிந்தது, உள்ளே இருப்பவை பூட்டப்பட்டுள்ளன என்று போட்டிருந்தது. எண்பத்தைந்தாம் நாள். தேதியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், 'எது முதலில் வருகிறதோ' என்பதை மறந்தே போனார். ஆபீஸில் ஊருக்கே அதை வகுப்பெடுத்தவர் அவர்தான்.

அப்புறம்தான் அந்த இன்னொரு வரி கண்ணில் பட்டது. முப்பது நாளைக்குள் கார்டு கொடுத்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். புத்தி உள்ளவன் என்ன செய்திருப்பான்? கீழே ஓடிப்போய் மாமனாரின் கார்டை வாங்கி வந்து, கையோடு கட்டியிருப்பான். நம்மவருக்கு அந்த வரியைப் படித்ததும் போன உயிர் திரும்பி வந்தது. முப்பது நாள்! கெடு என்று அவர் அதைப் படிக்கவில்லை, இன்னொரு ஓசி என்று படித்தார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அதே கம்பெனி கூடுதல் கிரெடிட் கொடுக்கிறது, அதற்கு விண்ணப்பம் போட்டார். யார் பெயரில்? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். எழுபத்தோரு வயசு ஏலக்காரர், கழுத்தில் கட்டோடு கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், மாடியில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் நிறுவனர் ஆகிவிட்டார். பணியாளர் எண்ணிக்கை பன்னிரண்டு. எதிர்காலத் திட்டம் என்கிற கட்டத்தில், 'குரலின் வழியே உலகை இணைப்பது' என்று எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இவர் நினைவூட்டினார். மறுபடி பரிசீலிக்கிறோம். மறுபடி நினைவூட்டினார். இப்படியே மூன்று வாரம் போயிற்று. நினைவூட்டி நினைவூட்டி, சும்மா இருந்தவனை இவரேதான் தட்டி எழுப்பிவிட்டார். யார் இந்த எழுபத்தோரு வயசு நிறுவனர் என்று அவன் நோண்டிப் பார்த்திருக்கிறான்.

இருபத்து நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குப் போன். மெஷின் வந்துவிட்டது, திங்கட்கிழமை பதிவுகளோடு வாருங்கள். அவள் தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மாப்பிள்ளை பார்த்ததில்லை.

"என்னங்க, அப்பா குரலை எடுத்துக் குடுங்க, ஒரு பென்டிரைவ்ல போட்டுக்கறேன்."

"குடுக்கலாம், குடுக்கலாம்."

"இப்பவே குடுங்க."

"அது... இருக்கு. பத்திரமா இருக்கு. ஆனா உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

அசடு வழிய வழிய, இழுத்து இழுத்து, அரைமணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. கல்யாண வீடியோ வரைக்கும் வந்தது. அவள் கத்தவில்லை. கைப்பையைத் திறந்து தன் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "போடுங்க. இப்பவே கட்டுங்க. எவ்வளவுன்னு கேக்காதீங்க."

போட்டார். ஏற்கவில்லை. ஒரே முகவரியில், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பல பெயர்களில் கணக்குகள் திறக்கப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கு விசாரணையில் உள்ளது. கணக்கு வைத்திருப்பவரிடம் நாங்கள் நேரடியாகப் போனில் பேசி உறுதி செய்த பிறகே பணம் செலுத்த முடியும் என்று திரையில் வந்தது. அவர் ஒரு தடவை படித்தார், அவள் ரெண்டு தடவை படித்தாள்.

"நேரடியா பேசணுமா?" என்றாள். "அப்பாவா?"

மாப்பிள்ளை அதே பட்டனை இன்னொரு தடவை அழுத்தினார்.

ரெண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. சாப்பாட்டு மேஜையின் நடுவில் பெரியவரின் போன், ஸ்பீக்கரில். சுற்றி நாலு பேர். அந்தப் பக்கம் ஒரு பெண், மரியாதை சொட்டச் சொட்டப் பேசினாள்.

"வணக்கம் சார். இந்தக் கால் பதிவு செய்யப்படுது. கணக்கு வச்சிருக்கிறவர் பேசுறீங்களா? உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

பெரியவர் போன் பக்கம் குனிந்தார். உதடு அசைந்தது. தன் பெயரைத்தான் சொன்னார், கழுத்து ஓட்டையில் காற்று விசில் அடித்தது, அவ்வளவுதான்.

"ஹலோ? சார்? கேக்கலை, கொஞ்சம் சத்தமா பேசுங்க."

நாற்பத்தோரு வருஷம் மண்டியைக் கிடுகிடுக்க வைத்த மனுஷனைப் பார்த்துச் சத்தமாகப் பேசச் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பெரியவர் மேஜையைக் கையால் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பாய்ந்து போனை எடுத்தார்.

"மேடம், அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். பேச முடியாது. அவர் பேசணும்னுதான் அந்த ஃபைலே வேணும்."

"நீங்க யாரு சார்?"

"நான் அவரோட மாப்பிள்ளை."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "சார், உங்க பேர்லயும் ஒரு இலவசக் கணக்கு இருந்திருக்கு இல்லையா? உங்க மனைவி பேர்ல ஒண்ணு. மாமியார் பேர்ல ஒண்ணு. அண்ணன் பேர்ல ஒண்ணு. அண்ணி பேர்ல..."

"என் பேர்லயா?" என்றாள் மாமியார். "அன்னைக்கு நம்பர் கேட்டீங்களே, கேஸ் சிலிண்டருக்குன்னு, அதா?"

"எல்லாத்தையும் கட்டிடறோம் மேடம்" என்றார் மாப்பிள்ளை. ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். "எவ்வளவு வேணாலும் கட்டறோம்."

"புரியுது சார். டாக்டர் சர்டிபிகேட்டோட ஒரு ஃபாரம் அனுப்புங்க. பதினஞ்சு வேலை நாள்ல பாத்துச் சொல்லுவாங்க."

"இன்னும் நாலு நாள்தான் இருக்கு, எல்லாம் அழிஞ்சுடும்!"

"அது தானா நடக்கிறது சார், எங்க கையில இல்லை. வேற ஏதாவது உதவி வேணுமா?"

மகள் போனை வாங்கிக் கெஞ்சினாள். மேலதிகாரியிடம் கொடு என்றாள், அழுதாள், தன் கடை முகவரியைச் சொன்னாள், டாக்டர் நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரலும் கடைசியில் தடுமாறியது. நான் குறிப்பெழுதி வைக்கிறேன் மேடம் என்றாள். அன்றைக்கே சர்டிபிகேட், ஃபாரம், கழுத்தின் போட்டோ, எல்லாம் போயிற்று. மாப்பிள்ளை நாலு நாளும் லீவு போட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தார். சொன்னபடி நாலாம் நாள் கணக்கு மூடப்பட்டது. எங்கள் சேவையை முயன்று பார்த்ததற்கு நன்றி என்று ஒரு மெயில் வந்தது. எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்டிருந்தான்.

மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து சொன்னார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெரியவர் நாற்காலியில் இருந்தார், மகள் பக்கத்தில் நின்றாள். கேட்டு முடித்ததும் பெரியவர் பலகையை எடுத்து நிதானமாக எழுதிக் காட்டினார்.

'காசு கட்டி வச்சிருந்தா மாசம் எவ்வளவு ஆயிருக்கும்?'

விலை கேட்டே வாழ்ந்த மனுஷன், அதைத்தான் முதலில் கேட்டார். மாப்பிள்ளைக்குப் பதில் தெரியும். அந்த விலைப்பட்டியல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அது... வெறும் சத்தம்தானே மாமா. பெருசா இடம் பிடிக்காது."

"எவ்வளவுன்னு கேக்கறாரு" என்றாள் மனைவி.

"ஒரு டீ."

"மாசத்துக்கா?"

"மாசத்துக்கு ஒரு டீ. அதுவும் முழுசா ஆகாது."

பெரியவர் பலகையைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். அப்புறம் ஆரம்பித்தார். ரெண்டு கையையும் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, மண்டியில் மூட்டை மேல் நிற்கிற அதே நிலையில் நின்று திட்டினார். வாய் திறந்து திறந்து மூடியது, உதடுகள் வேகவேகமாக ஓடின, கண் ரத்தமாகச் சிவந்தது. ஓட்டையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸு புஸ்ஸு என்று வந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்கிறார், எவ்வளவு கேவலமாகச் சொல்கிறார், மன்னிக்கவே மாட்டேன் என்கிறாரா, வீட்டை விட்டுப் போ என்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அது தெரியாமல் நிற்பதுதான் தாங்க முடியவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று மனைவியிடம் கேட்டார். அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

இருபத்தைந்து நாள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு தடவை கேட்டவள் அவள். அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அப்பாவைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"சொல்ல மாட்டேன். நீங்க ஒழுங்கா வச்சிருந்தா, இந்நேரம் அவர் குரல்லயே கேட்டிருப்பீங்க."

பெரியவர் நிறுத்தவில்லை. இன்னும் திட்டிக்கொண்டே இருந்தார்.